பக்கத்தில் இருக்க யாருக்கு நேரம்?

1991-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், ஹூஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. தலைப்பிரசவத்துக்கு வந்த 412 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். முதல் குழுவில் ஒவ்வொரு பெண்ணுக்கும், வலி எடுத்து வார்டில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பெண் கூடவே இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார், முதுகை நீவிவிட்டார், அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவது குழுவில் ஒரு பெண் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதினார். அவர் பேசவில்லை, தொடவில்லை. இந்த இரண்டும் இல்லாமல் வழக்கமான கவனிப்பில் பிரசவித்த 204 பெண்களின் விவரங்களைப் பிறகு ஒப்பீட்டுக்காகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வழக்கமான கவனிப்பில் சிசேரியன் 18 விழுக்காடு. கூடவே ஒருவர் இருந்த குழுவில் 8. சுகப்பிரசவமானவர்களில் எபிடூரல் எனப்படும் முதுகுத்தண்டு வலிமறப்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள் வழக்கமான கவனிப்பில் 55 விழுக்காட்டுக்கு மேல். கூடவே ஒருவர் இருந்தபோது 8 விழுக்காட்டுக்கும் குறைவு. இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். என்னை நிறுத்தியது நடுவில் இருந்த குழு. ஓரமாக உட்கார்ந்து எழுத மட்டும் செய்த பெண் இருந்த அறைகளில் சிசேரியன் 13 விழுக்காடு, எபிடூரல் ஏறக்குறைய 23 விழுக்காடு. மூன்றாவது குழு குலுக்கலில் வந்ததல்ல என்பதால் இதை அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனாலும், எதுவுமே செய்யாத ஒருவர் அறையில் இருந்ததற்கு ஏதோ விளைவு இருந்தது போலத் தெரிகிறது. அது பிரசவிக்கும் பெண் மேல் ஏற்பட்ட விளைவா, அல்லது யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்த மருத்துவர், செவிலியர் மேல் ஏற்பட்ட விளைவா?

பெண்களின் உடல்நலம், மனநலம் சார்ந்து செவிலியத் துறையில் கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி, மருந்தும் கருவியும் இல்லாத உதவிகளைப் பற்றியது. உடன் இருப்பது, காது கொடுத்துக் கேட்பது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, தொலைபேசியில் விசாரிப்பது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது. 'ஆதரவு' என்ற ஒரே தலைப்பின் கீழ் இவையெல்லாம் வருகின்றன. இந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆதரவு பலிப்பதும் பலிக்காமல் போவதும், அதைக் கொடுக்கும் செவிலியின் கனிவைவிட, அவர் வேலை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. ஆனால் ஆய்வுகள், குறிப்பாக நம் ஊர் ஆய்வுகள், ஆதரவைத் தனிமனிதக் குணமாகவோ நோயாளியின் அறிவுக் குறையாகவோதான் அளந்து பார்க்கின்றன.

பிரசவ அறையிலிருந்தே தொடங்கலாம்; ஆதாரம் அங்கேதான் அதிகம். குவாத்தமாலாவில் செய்து 1980-ல் வெளியான முதல் ஆய்வு மிகச் சிறியது. ஒப்பிட்டது 40 தாய்மார்களைத்தான். கூட ஒருவர் இருந்தவர்களுக்கு வார்டில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கச் சராசரியாக 8.8 மணி நேரம், இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். இதையும் ஹூஸ்டன் ஆய்வையும் நடத்திய ஜான் கென்னலும் மார்ஷல் கிளாஸும் குழந்தை மருத்துவர்கள். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஆராய்ந்துவந்தவர்கள். இதைச் செவிலியத்தின் கேள்வியாக மாற்றியவர் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் எலன் ஹாட்னெட். பிரசவ நேர ஆதரவு பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பப் புதுப்பித்துவந்ததும் அவர்தான். 2017-ல் மேகன் போரன் தலைமையில் வந்த பதிப்பில் 17 நாடுகளைச் சேர்ந்த 26 ஆய்வுகள், 15,858 பெண்கள். தொடர்ந்து ஆதரவு கிடைத்தவர்களுக்குச் சிசேரியன் வாய்ப்பு கால் பங்கு குறைந்தது, வலி நேரம் ஏறக்குறைய 40 நிமிடம் குறைந்தது, பிரசவத்தைக் கசப்பான அனுபவமாக நினைப்பவர்களும் குறைந்தார்கள். கெடுதல் எதுவும் தென்படவில்லை.

இதே தொகுப்பாய்வுக்குள் சங்கடமான ஒரு செய்தியும் உண்டு. ஆதரவு கொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தால், அதற்கென்றே வந்த, மருத்துவமனை ஊழியரும் அல்லாத, உறவினரும் அல்லாத பெண் இருந்தபோதுதான் சிசேரியன் நன்றாகக் குறைந்தது. ஊழியர்களே கொடுத்தபோது அந்தப் பலன் தெளிவாகத் தெரியவில்லை. செவிலியத் துறையே முன்னின்று திரட்டிய ஆதாரம், செவிலியர் கொடுத்தால் பலன் மங்கிவிடுகிறது என்கிறது.

ஏன் என்பதற்கான முதல் குறிப்பு 1992-லேயே கிடைத்துவிட்டது. டொராண்டோவில் ஹாட்னெட்டும் சக ஆய்வாளர்களும், தொழிற்சாலைகளில் வேலையை அளக்கப் பயன்படும் முறை ஒன்றைப் பிரசவ வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். குறிப்பிட்ட வரிசையின்றித் தேர்ந்தெடுத்த நேரங்களில், அந்தக் கணத்தில் செவிலி என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று குறித்துக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கான குறிப்புகள் சேர்ந்த பிறகு கணக்குப் போட்டால், பிரசவிக்கும் பெண்ணுக்கு ஆதரவாகச் செலவான நேரம் 9.9 விழுக்காடு. சில ஆண்டுகள் கழித்து மாண்ட்ரியாலில் இதே முறையில் அளந்தபோது 6.1 விழுக்காடு. மீதி நேரம் பதிவேடு, கருவி, மருந்து, தொலைபேசி, வேறு நோயாளி. இரண்டும் வசதியுள்ள கனடிய மருத்துவமனைகள். ஆள் பற்றாக்குறையில் தத்தளிப்பவை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் செவிலியரை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்து, ஒரு பெண்ணோடு மட்டும் இருக்கவைத்தால்? ஹாட்னெட் அதையும் சோதித்தார். அமெரிக்கா, கனடாவில் 13 மருத்துவமனைகள், 6,915 பெண்கள். 2002-ல் முடிவு வந்தது. சிசேரியன் ஒரு குழுவில் 12.5 விழுக்காடு, மற்றதில் 12.6. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்விலும் வேறுபாடில்லை. அடுத்த பிரசவத்திலும் இப்படி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று பெண்கள் விரும்பினார்கள் என்பது மட்டும்தான் மிச்சம். வாழ்நாளில் பாதியை ஒரு கருத்துக்காகச் செலவிட்டவர், அதற்கு எதிரான இவ்வளவு பெரிய முடிவை மறைக்காமல் முன்னணி இதழில் வெளியிட்டது சாதாரணமல்ல.

இந்த முடிவை இரண்டு விதமாகப் படித்தார்கள். ஆதரவுக்கு அவ்வளவு சக்தி இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, அந்த மருத்துவமனைகளில் எபிடூரலும் இயந்திரக் கண்காணிப்பும் எல்லோருக்குமான வழக்கமாகிவிட்டிருந்தன. அந்த ஓட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செவிலியால் திருப்ப முடியாது என்பது. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. நிறுவனத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நிறுவனத்தின் வேகத்தைக் கேள்வி கேட்க மாட்டார். வெளியிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்தக் கட்டு இல்லை. 'கொஞ்சம் எழுந்து நடக்கட்டுமே சிஸ்டர்' என்று அவர் சொல்லலாம்.

வெளியாள் என்றால் சம்பளம் வாங்கும் ஆள்தான் என்றில்லை. போட்ஸ்வானாவில் தலைப்பிரசவத்துக்கு வந்த 109 பெண்களை வைத்து நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், ஒரு குழுவில் பெண்ணின் தாயோ, சகோதரியோ, வேறு பெண் உறவினரோ அறைக்குள் இருக்கலாம். மற்ற குழுவில் அன்றைய வழக்கப்படி யாருமில்லை. உறவினர் இருந்த குழுவில் கருவி உதவியில்லாத சுகப்பிரசவம் 91 விழுக்காடு, மற்றதில் 71. அந்த உறவினர்களுக்கு நீண்ட பயிற்சி எதுவும் கொடுக்கப்படவில்லை.

தமிழ்நாடு இந்தப் பாதையில் சீக்கிரமே கால் வைத்தது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. மத்திய அரசு இதை நாடு முழுக்க அனுமதித்தது 2016-ல்தான். அந்த மத்திய வழிகாட்டுதலைப் படித்தால் அரசாங்கத்தின் தயக்கம் வரிக்கு வரி தெரியும். உடனிருப்பவர் தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை உடுத்த வேண்டும், கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், ஊழியர் வேலையில் தலையிடக் கூடாது, அறையிலுள்ள வேறு பெண்களிடம் போகக் கூடாது. மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். எல்லாம் நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் அவர் அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதைவிட என்ன செய்யக் கூடாது என்பதுதான் விரிவாக இருக்கிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பது அரசு மருத்துவமனை வார்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடன் வந்தவருக்கு அங்கே 'அட்டெண்டர்' என்று பெயர். 'அட்டெண்டர் யாரும்மா, இங்க வாங்க' என்ற குரல் வரும். மருந்துச் சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள், ரத்த மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள், துணி கேட்பார்கள், வெந்நீர் வாங்கி வரச் சொல்வார்கள். மாமியார் திரும்பி வருவதற்குள் மருமகளுக்கு வலி இரண்டு முறை வந்து போயிருக்கும். ஏட்டில் 'உடனிருப்பவர் உண்டு' என்று இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பிரசவப் பதிவுப் படிவத்தில், ஆதரவுக் கவனிப்பு என்ற பகுதியின் முதல் வரியே உடனிருப்பவர் இருக்கிறாரா என்பதுதான். வலி நிவாரணம், குடிக்கத் தண்ணீர் ஆகாரம், படுத்திருக்கும் நிலை எல்லாம் அதற்குக் கீழே. இது பெரிய முன்னேற்றம். குழந்தையின் இதயத்துடிப்பு எழுதும் அதே தாளில் இதற்கும் ஒரு வரி கிடைத்திருக்கிறது. ஆனால் உண்டு, இல்லை என்ற பதிலில் வெந்நீர் வாங்கப் போன நேரம் வராது.

தென்னாப்பிரிக்காவில் பத்து மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, உடனிருப்பவரை அனுமதிக்க ஊழியர்களுக்குப் பயிற்சியும் ஊக்கமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வந்தது. நடைமுறையில் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. ஆதாரம் இருந்தும், பயிற்சி இருந்தும் கதவு திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நான்கு நாட்டு ஆய்வு காட்டியது. கானா, கினி, மியான்மர், நைஜீரியாவில் பிரசவித்த பெண்களை நேரில் கவனித்தும், பின்னர் விசாரித்தும் செய்த ஆய்வு அது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் அடியோ வசையோ இழிவோ பட்டிருந்தார்கள். நம் ஊரில் 'அப்ப இனிச்சுது, இப்ப வலிக்குதா' என்ற பேச்சைக் கேட்காத தாய்மார்கள் குறைவு என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று நினைக்கிறேன். உடனிருப்பவரை ஏன் உள்ளே விடத் தயங்குகிறார்கள் என்பதற்கு இடநெருக்கடி ஒரு காரணம். சாட்சி வேண்டாம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹூஸ்டன் அறையின் ஓரத்தில் குறிப்பெடுத்த பெண்ணை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு வருவோம். இங்கே தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உலக அளவில் எடுத்துக்காட்டப்படுகிற ஆய்வு அது. வேலூர் பகுதிக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்திலிருந்து பின்தொடர்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மனநல இதழில் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 விழுக்காடு. கூடவே இருந்த காரணங்கள்: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாமை, கர்ப்ப காலத்தில் வந்த துன்ப நிகழ்ச்சிகள், கைவேலைக்கு உதவி இல்லாமை. இந்தப் பட்டியலில் ஹார்மோன் இல்லை. கடைசிக் காரணத்தைப் பாருங்கள்: குழந்தையைத் தூக்க, துணி துவைக்க, சமைக்க ஆளில்லை.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் குழந்தை பிறந்த வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரச் செவிலியர்கள் உண்டு. 1987-ல் எடின்பரோவில் உருவான, மனச்சோர்வை அளக்கும் பத்துக் கேள்வி அளவுகோல் அவர்கள் கையில் கொடுக்கத்தான் முதலில் எழுதப்பட்டது. தாயே படித்துக் குறியிடலாம். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜெனிஃபர் ஹோல்டன். 1989-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அடுத்த ஆய்வில், மனச்சோர்வு இருந்த தாய்மார்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமுறை, குறைந்தது அரை மணி நேரம், எட்டு வாரம் செவிலியர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டார். புத்தி சொல்வது இல்லை. முழுதாகத் தேறியவர்கள் 26 பேரில் 18. வழக்கமான கவனிப்பில் 24 பேரில் 9. சிறிய ஆய்வுதான். இருபதாண்டுகள் கழித்து 2009-ல் 101 மருத்துவ நிலையங்களில் பெரிய அளவில் செய்தபோதும் திசை மாறவில்லை: மனச்சோர்வு ஆபத்து இருந்த தாய்மார்களில், பயிற்சி பெற்ற செவிலியர் பார்த்தவர்களில் ஆறாம் மாதத்தில் 34 விழுக்காடு இன்னும் அதே நிலையில், மற்றவர்களில் 46 விழுக்காடு.

இதை இங்கே கொண்டுவர ஆளில்லை என்று சொல்ல முடியாது. கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், வீட்டுக்கும் போகிறார். பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் கேட்பார், தடுப்பூசித் தேதி சொல்வார், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு வங்கிப் புத்தக நகல் வாங்குவார். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பதற்கு அவர் அட்டவணையில் இடம் எங்கே? இன்னொரு சிக்கலும் உண்டு. இதை யாரும் ஒழுங்காக அளந்ததாக நான் பார்த்ததில்லை, என் ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்புகிறாள். வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் அளப்பது ஆறாவது வாரத்தில். அப்போது அவள் அம்மாவின் கையில், பத்தியச் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள். உதவி சட்டென்று நின்றுபோவது திரும்பிப் போன அன்று. அன்றைக்கு அவள் வேறொரு செவிலியின் எல்லைக்குள் வந்துவிடுகிறாள். ஆதரவு தேவைப்படும் நேரமும் ஆய்வுகள் அந்தத் தேவையைத் தேடும் நேரமும் ஒன்றாக இல்லாமல் போவதற்கு இது நம் ஊர் உதாரணமாக இருக்கக்கூடும்.

வீட்டுக்குப் போகும் செவிலியைப் பற்றிய மிக நீண்ட ஆய்வு வரிசை அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கியது. 1977-ல் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் 400 பெண்கள், பிறகு மெம்ஃபிஸில் 1,139 பேர், பிறகு டென்வர். ஏழை இளம்பெண்களை முதல் கர்ப்பத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரே செவிலி வீட்டில் போய்ப் பார்ப்பார். பலன்கள் பல ஆண்டு நீடித்தன. டென்வரில் செவிலியரையும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களையும் ஒப்பிட்டபோது செவிலியர் கொடுத்ததில்தான் பலன் அதிகம். பிரசவ அறையில் கண்டதற்கு நேர் எதிர். ஆனால் அதே திட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், 19 வயதும் அதற்குக் கீழும் உள்ள 1,645 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டபோது, புகைப்பதை விடுவதிலோ, குழந்தையின் எடையிலோ, அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதிலோ வேறுபாடு இல்லை. காரணம் தேடினால் தொலைவில் இல்லை: இங்கிலாந்தில் எல்லாத் தாய்க்கும் ஏற்கெனவே மருத்துவச்சியும் சுகாதாரச் செவிலியும் இலவசம். 1970-களின் அமெரிக்க ஏழைப் பெண்ணுக்கு அந்தச் செவிலிதான் முதல் ஆள். இங்கிலாந்துப் பெண்ணுக்கு மூன்றாவது ஆள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மார்பகப் புற்றுநோயைப் பற்றியது. 1980-ல் வெளியான ஆய்வில் பீட்டர் மக்வயரும் சக ஆய்வாளர்களும், மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு ஒரு தனிச் செவிலி ஆலோசனை சொல்வதன் பலனை மான்செஸ்டரில் பார்த்தார்கள். ஆலோசனை மனநோய் வருவதைத் தடுக்கவில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று அத்தோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் ஒன்றரை ஆண்டுவாக்கில் பார்த்தால், செவிலி பார்த்த குழுவில் மனநலப் பாதிப்பு 12 விழுக்காடு, மற்ற குழுவில் 39. எப்படி? அந்தச் செவிலி அந்தப் பெண்களை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்ததால், உதவி தேவைப்பட்டவர்களில் 76 விழுக்காட்டினரை அடையாளம் கண்டு மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். மற்ற குழுவில் அப்படிக் கண்டுகொள்ளப்பட்டவர்கள் 15 விழுக்காடுதான். பேச்சு குணப்படுத்தவில்லை, போய்ப் பார்த்தது குணப்படுத்தியது. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும்: அதே பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் அதே செவிலி, அனுப்புவதற்கு ஒரு மருத்துவர். இரண்டாவது இல்லாத இடத்தில் முதலாவது என்ன செய்யும் என்பது கேள்விதான்.

குடும்ப வன்முறை ஆய்விலும் இதே சாயல். டெக்சாஸ் பெண்கள் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பேராசிரியர் ஜூடித் மக்ஃபார்லேன், அடிபட்ட 360 பெண்களில் ஒரு பாதியினருக்கு உதவி எண்கள் அச்சிட்ட, பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவுள்ள அட்டை மட்டும் கொடுத்தார். மறுபாதியினருக்கு இருபது நிமிடம் செவிலியின் ஆலோசனை. இரண்டாண்டுகள் கழித்து இரு குழுவிலும் வன்முறை ஒரே அளவு குறைந்திருந்தது. அட்டையே போதும் என்று படிப்பவர்களும் உண்டு. இரு குழுவிடமும் செவிலி 'உங்களை யாராவது அடிக்கிறார்களா' என்று நேருக்கு நேர் கேட்டார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேட்டார் என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். எந்தக் கேள்வியும் கேட்கப்படாத மூன்றாவது குழு இல்லாததால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி ஒரு குழுவை வைத்திருப்பது அறமும் ஆகாது.

கருச்சிதைவு பற்றி கிறிஸ்டன் ஸ்வான்சன் செய்த வேலை தனி. குழந்தையை இழந்தவர்களின் பேச்சிலிருந்தே 'கவனிப்பு' என்றால் என்ன என்று ஒரு கோட்பாட்டை எழுதி, பிறகு அதையே இடையீடாக்கிச் சோதித்தார். 341 தம்பதிகளிடம் செய்த 2009 ஆய்வில் செவிலி நேரில் பேசியது, வீடியோவும் பயிற்சிப் புத்தகமும் கொடுத்து அனுப்பியதைவிடப் பரவலாகப் பலன் தந்தது. கருச்சிதைவை 'கலைஞ்சிடுச்சு, அடுத்தது நல்லபடியா நிக்கும்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் நம் வழக்கத்துக்கு இங்கே வேலை நிறைய இருக்கிறது.

பலன் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. பார்த்தவர்களில் கேத்ரின் கிளேசனர் குழு ஒன்று. பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர்க் கசிவு இருந்த 747 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து, ஏழு, ஒன்பதாம் மாதங்களில் செவிலியர் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஓராண்டில் கசிவு தொடர்ந்தவர்கள் 60 விழுக்காடு. பயிற்சி இல்லாதவர்களில் 69. ஆறாண்டு கழித்துத் தேடிப் பிடித்துக் கேட்டால் 76-ம் 79-ம். செவிலி வருவது நின்றபின் பயிற்சியும் தளர்ந்துவிட்டது. நம் ஊரில் இந்தத் தொல்லை வெளியே சொல்லப்படுவதே இல்லை. இருமும்போது, சிரிக்கும்போது நடப்பதை 'புள்ள பெத்தா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது நம் செவிலியக் கல்லூரிகளின் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். முதுநிலைப் பட்டத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் எழுதப்படுபவற்றில் தலைப்பு அச்சில் வார்த்தது போல இருக்கும்: இன்ன ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில், இன்ன பொருள் குறித்த கட்டமைக்கப்பட்ட கற்பித்தல் திட்டம் தாய்மார்களின் அறிவில் ஏற்படுத்தும் விளைவு. முப்பது, அறுபது பேர். முதல் நாள் கேள்வித்தாள், நடுவில் விளக்கப்படத்தோடு வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மதிப்பெண் கூடியிருக்கும். கூடாமல் எப்படி இருக்கும்? பதிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் யாருக்கும் கூடும். மாதவிடாய் வலிக்கு வெந்தயம், இஞ்சி, வெந்நீர் ஒத்தடம் என்று சுவையான சிலவும் நடுநடுவே உண்டு. அவற்றில் சிலவற்றுக்கு ஒப்பீட்டுக் குழுவும் இருக்கும். மாணவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாண்டுப் படிப்பில் தரவு சேகரிக்கக் கிடைப்பது சில வாரம், செலவு அவர்கள் கைப்பணம், வழிகாட்டிக்கு அதே காலத்தில் பல மாணவிகள். ஆனால் இந்த அச்சு ஒரு கருத்தையும் சேர்த்து வார்க்கிறது: பெண்களுக்குக் குறைவது அறிவு, செவிலி கொடுக்க வேண்டியது பாடம். வேலூர் ஆய்வின் காரணங்களில் அறியாமை இல்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

செய்யத்தக்க வேலை பக்கத்திலேயே கிடக்கிறது. உடனிருப்பவர் திட்டத்துக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அந்தப் பெண் உறவினர் பிரசவ அறைக்குள் உண்மையில் எத்தனை நிமிடம் இருக்கிறார், எத்தனை முறை வெளியே அனுப்பப்படுகிறார், எதற்காக அனுப்பப்படுகிறார், அந்தச் சமயத்தில் செவிலி எத்தனை கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை டொராண்டோ முறையில் அளந்துவிட முடியும். தேவை ஒரு கடிகாரம், வேலைகளின் பட்டியல், காலை மாலை இரவு மூன்று ஷிஃப்டிலும் உட்காரச் சம்மதிக்கும் இரண்டு மூன்று மாணவிகள். முப்பது பேருக்குக் கேள்வித்தாள் கொடுப்பதைவிடச் செலவு அதிகமில்லை. நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்குவதைவிட, மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்குவதுதான் கடினமாக இருக்கும். வரப்போகும் எண் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஓரளவு தெரியும்.